மெய்ப்பிக்க முடியாத குற்றமும் நம்பத்தகுந்தவனின் சொல்லும்

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஜீரோ டே’ என்னும் ஆறு பகுதிகள் கொண்ட அமெரிக்க அரசியல் த்ரில்லர் தொடரின் கதை, நாடு முழுவதும் மின்சாரமும் போக்குவரத்தும் தகவல் தொடர்பும் ஒரே வேளையில் ஒரு நிமிடம் செயலிழந்து, அதனால் 3,400க்கும் மேற்பட்டோர் உயிரிழக்க, இது மீண்டும் நிகழும் என்ற எச்சரிக்கை ஒவ்வொருவரின் கைப்பேசித் திரையிலும் தோன்றுவதை அடித்தளமாகக் கொண்டது. தாக்கியவர் யார் என்பதைக் கண்டறிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு ஓர் ஆணையம் அமைக்கப்படுகிறது. ஒரே பதவிக்காலத்துக்குப் பின் அரசியலிலிருந்து விலகி வாழும் முன்னாள் அதிபர் ஜார்ஜ் மல்லன் அதற்குத் தலைவராக்கப்படுகிறார். ராபர்ட் டி நீரோ ஏற்று நடித்த இந்த மல்லனிடம், சந்தேகத்துக்குரிய எவரையும் நீதிபதியின் முன் நிறுத்தாமலே காவலில் வைக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்படுகிறது.

தொடரைக் கண்டவர்களின் கருத்துகளில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. அரசியலையே பொருளாகக் கொண்ட கதை எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லாமல் நழுவிவிடுகிறது என்பது ஒன்று. சதியின் முடிச்சுகள் இறுதியில் அவசர அவசரமாக அவிழ்க்கப்படுகின்றன என்பது மற்றொன்று. மல்லனின் மனத்தில் அவ்வப்போது எழும் குழப்பத்துக்கு முதுமை காரணமா, அல்லது ‘புரோட்டியஸ்’ என்று பெயரிடப்பட்ட, மூளையைத் தாக்கவல்ல இரகசிய ஆயுதம் காரணமா என்பதைத் தொடர் கடைசிவரை தீர்மானிக்கவே இல்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் மறுப்பதற்கில்லை. மூன்றாவதைக் குறையென்று கொள்வதுதான் பொருத்தமற்றது. ஏனெனில் தொடர் எழுப்பும் உண்மையான கேள்வி, தாக்கியவர் யார் என்பதைவிட, அதை அறிந்ததாகச் சொல்பவரின் அறிவை எதைக் கொண்டு அளப்பது என்பதே. நிரூபணம் வந்துசேரத் தாமதமாகும்போது, நல்லவர் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஒருவரின் சொல்லை அந்த நிரூபணத்தின் இடத்தில் வைக்கலாமா என்னும் அறிவாய்வியல் வினாவும், அப்படி வைத்த சொல்லுக்கு வாளையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்னும் அறவியல் வினாவும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்தியத் தத்துவ மரபில், ஒன்றை உண்மை என்று அறிவதற்கான வழிகள் பிரமாணங்கள் எனப்படும். தமிழ்ச் சைவ சித்தாந்தம் அவற்றை அளவைகள் என்று வழங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், பல்வேறு மதத்தார் கூறும் அளவைகளைத் தொகுத்துச் சொல்லி, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று நிறுவுகிறார். காண்டல் என்பது புலன்களின் வழி நேரே அறிவது. கருதல் என்பது கண்டதொன்றைக் கொண்டு காணாததை அனுமானிப்பது. உரை என்பது நம்பத்தக்க சான்றின் சொல்லால் அறிவது. சித்தாந்திகள் உரை என்று முதன்மையாகக் கருதியது இறைவன் அருளிய ஆகமத்தையே என்றாலும், இம்முப்பிரிவு கணினிவழித் தாக்குதல் போன்ற முற்றிலும் உலகியலான ஒன்றை ஆராயவும் கூர்மையான கருவியாகிறது. அத்தகைய தாக்குதல் மூன்று அளவைகளையும் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே செல்கிறது என்பதே அதற்குக் காரணம்.

முதலில் கெடுவது காண்டல். தொடரின் பெயராக அமைந்த ‘ஜீரோ டே’ என்பது, மென்பொருளை உருவாக்கியவருக்கே இன்னும் தெரியாத, ஆகவே அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்காத பாதுகாப்புக் குறையைக் குறிக்கும் கலைச்சொல். 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், இத்தகைய குறைகள் நான்கைப் பயன்படுத்தி, ஈரானின் நதான்ஸ் நகரிலுள்ள யுரேனியச் செறிவூட்டல் நிலையத்துக்குள் புகுந்து, அங்கே அதிவேகமாகச் சுழலும் குழல்களின் வேகத்தை மாற்றி அவற்றைச் சிதைத்தது. தத்துவ நோக்கில் அந்த அழிவைக் காட்டிலும் கருதத்தக்கது, குழல்கள் பழுதாகிக்கொண்டிருந்த வேளையில், எல்லாம் சீராக இருந்தபோது பதிவுசெய்து வைத்த அளவீடுகளையே கண்காணிப்பாளர்களின் திரைகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி அந்நிரல் எழுதப்பட்டிருந்தது என்பது. பார்த்தவர்களின் கண்ணில் பழுதில்லை, கவனத்திலும் குறையில்லை. காட்சியே அவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டிருந்தது. இதற்கு நேர்மாறாக, 2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் ஒருசேரத் தடுமாறியபோது, அது பெரும் தாக்குதல் போலவே தோன்றியது. உண்மையில் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் கணிப்பின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதன் விளைவே அது. தாக்குதல் அமைதியாகத் தோன்றவும் பிழை தாக்குதலாகத் தோன்றவும் கூடிய ஒரு களத்தில், கண்டேன் என்னும் கூற்றுக்கு என்ன எடை இருக்க முடியும்?

கருதல் அளவை கெடும் விதம் இன்னும் நுட்பமானது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதே அனுமானத்துக்கு இந்தியத் தருக்க நூல்கள் பொதுவாகத் தரும் எடுத்துக்காட்டு. நெருப்பின்றிப் புகை இராது என்னும் நீங்காத உடனிகழ்ச்சியே, அதாவது வியாப்தியே, அதற்கு உயிர். பனியையோ புழுதியையோ புகையென்று மயங்கினால் அனுமானம் தவறிவிடும் என்பதை அந்நூலோர் நன்கு அறிந்திருந்தனர். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதவற்றை ஏதுப்போலி என்று பெயரிட்டு வகைப்படுத்தினர். பௌத்தத் தருக்கத்தின் இத்தகைய போலிகளை மணிமேகலையின் 29ஆம் காதை விரிவாகவே பேசுகிறது. ஆனால் பனிக்கு ஏமாற்றும் நோக்கம் கிடையாது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது விளையாட்டுப் போட்டிகளின் கணினி வலையமைப்பைச் சிதைத்த தீநிரலை ஆராய்ந்தவர்கள், அதனுள் வடகொரியக் குழு ஒன்றின் பழைய நிரல்களோடு அச்சாகப் பொருந்திய தடயத்தைக் கண்டனர். பின்னர் அத்தடயம் வேண்டுமென்றே போலியாகப் பதிக்கப்பட்டது என்பது வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நீதித் துறை இச்செயலுக்காகக் குற்றம் சாட்டியது ரஷ்ய இராணுவ உளவுத் துறையின் அதிகாரிகளை. இங்கே புகை தானாக எழவில்லை. அதைக் காணப்போகிறவர் எப்படிச் சிந்திப்பார் என்பதை முன்னறிந்த ஒருவர் அதை எழுப்பினார். அனுமானிப்பவரின் அறிவுத்திறனே அவரைப் பிழைக்கு இட்டுச்செல்லும் வழியாக மாற்றப்பட்ட இந்நிலைக்குப் பழைய போலிகளின் பட்டியலில் சரியான இடம் இல்லை.

இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கவே முடியாது என்பதன்று. தீர்க்கக் காலம் வேண்டும் என்பதே செய்தி. 2017ஆம் ஆண்டு ஜூனில் உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவி, மேர்ஸ்க் போன்ற பெரும் கப்பல் நிறுவனங்களையே நிலைகுலையச் செய்த நாட்பெட்யா தாக்குதலுக்கு ரஷ்ய இராணுவமே பொறுப்பு என்று அமெரிக்க, பிரித்தானிய அரசுகள் வெளிப்படையாக அறிவித்தது 2018 பிப்ரவரியில். ஆராய்வோர் மாதக் கணக்கில் நடக்கையில், இறந்தோரின் உறவினர் மணிக் கணக்கில் விடை கேட்கின்றனர். தொடரில் வெளிநாட்டு அரசு ஒன்றின் மீதும், பின்பு உள்நாட்டு ஹேக்கர் குழு ஒன்றின் மீதும், அதன்பின் தொழில்நுட்பப் பெருநிறுவனத்தின் தலைவி மீதும் சந்தேகம் தாவித் தாவிச் செல்வது இந்த இடைவெளியில்தான். கதையின் விறுவிறுப்புக்காகச் செய்யப்பட்ட உத்தி என்று பல பார்வையாளர் கருதிய இந்தத் தாவல், கற்பனைக்குரிய மிகை என்பதைவிட, உண்மைக்கு மிக அருகிலுள்ள சித்திரம் என்றே சொல்ல வேண்டும்.

காண்டலும் கருதலும் கைவிட்ட இடத்தில் எஞ்சுவது உரை. நியாய சூத்திரம் உரை அளவையை ஆப்தனின் உபதேசம் என்று வரையறுக்கிறது. அதற்குப் பாடியம் எழுதிய வாத்சியாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறருக்கு உரைக்கும் விருப்பத்தால் பேசுபவனே ஆப்தன் என்று விளக்கி, இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று சேர்த்துச் சொல்கிறார். குலம், நாடு, பதவி ஆகிய எதையும் தகுதியாகக் கொள்ளாமல், அறிவையும் உண்மை சொல்லும் விருப்பத்தையும் மட்டுமே தகுதியாக்கிய துணிவு இதில் இருக்கிறது. தொடரில் மல்லன் ஆப்தனாக உருவெடுப்பது நியூயார்க்கில் தாக்குதல் நடந்த இடத்தில் கூடி நின்று கொந்தளிக்கும் மக்களிடம் அவர் பேசி அவர்களை அமைதிப்படுத்தும் காட்சியில். மகனை இழந்த துயரத்தால் மீண்டும் போட்டியிடாமல் விலகியவர் என்பதே மக்கள் அவரை நம்பப் போதுமான காரணமாகிறது. பதவியை விரும்பாதவனிடம் பதவியை ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் மிகப் பழையது.

அந்த எண்ணத்துக்கு மேலை மரபில் ஒரு பெயர் உண்டு. குடியரசுக் கால ரோமில், நெருக்கடியின்போது ‘டிக்டேட்டர்’ என்னும் தனிப்பேரதிகாரியை ஆறு மாத எல்லைக்கு உட்பட்டு நியமிக்கும் வழக்கம் இருந்தது. கி.மு. 458இல் இவ்வாறு அழைக்கப்பட்ட சின்சின்னாட்டஸ், உழுதுகொண்டிருந்த நிலத்தை விட்டு வந்து எதிரியை வென்று, சில நாட்களிலேயே அதிகாரத்தைத் துறந்து திரும்பினார் என்பது ரோமானியர் போற்றிய மரபுக் கதை. 1783இல் படைத்தலைமையைத் துறந்து ஊர் திரும்பிய ஜார்ஜ் வாஷிங்டனை அவருடைய காலத்தவர் இவரோடுதான் ஒப்பிட்டனர். ஜார்ஜ் என்ற முதற்பெயரும் நகருக்கு வெளியேயுள்ள ஒதுங்கிய இல்லமும் மல்லனுக்குத் தற்செயலாக அமைந்தவை என்று நம்புவது கடினம். ஆனால் இதே பதவிதான் கி.மு. 82இல் கால எல்லையின்றிச் சுல்லாவிடமும், கி.மு. 44இல் வாழ்நாள் முழுமைக்குமென ஜூலியஸ் சீசரிடமும் சென்று சேர்ந்தது. ஏட்டில் மனிதனைவிட விதிக்கே முதலிடம் தந்த ரோமானிய ஏற்பாட்டை, மக்களின் நினைவு விதியை மறந்து மனிதனை மட்டும் போற்றும் கதையாக மாற்றிக்கொண்டது. தொடரின் நாடாளுமன்றம் செய்யும் பிழையும் இதுவே: கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், கட்டுப்பாடாக அவர் குணமே இருக்கிறது என்பது அதன் நிலைப்பாடு.

காவலில் வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, காவலுக்குக் காரணம் காட்டக் கோரும் உரிமை ஆட்கொணர்வு எனப்படும். கிளர்ச்சியோ படையெடுப்போ நிகழும்போது பொதுப் பாதுகாப்புக்கு வேண்டியிருந்தாலன்றி இதை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்பு. 1861இல் ஆபிரகாம் லிங்கன் தாமே இதை நிறுத்திவைத்தபோது, அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று தலைமை நீதிபதி டானி எழுதினார். 1863இல் நாடாளுமன்றமே அதற்குச் சட்டமியற்றிய பின்பும், 1866இல் மில்லிகன் வழக்கில், நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை இராணுவத் தீர்ப்பாயத்தில் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு கோர வழியில்லை என்று 1976இல் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றத்தில் எச்.ஆர். கன்னா என்னும் ஒரே நீதிபதி மட்டும் மாறுபட்டதையும், அத்தீர்ப்பு 2017இல் வெளிப்படையாகக் கைவிடப்பட்டதையும் அறிந்த வாசகருக்கு இச்சிக்கல் புதியதன்று. நெருக்கடியில் சட்டத்தை நிறுத்திவைக்க முடிவெடுப்பவனே உண்மையான இறையாளன் என்னும் கருத்தை 1922இல் முன்வைத்த ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட், அம்முடிவைக் கடவுள் நிகழ்த்தும் அற்புதத்தோடு ஒப்பிட்டார். இயற்கை விதியை அற்புதம் எவ்வாறு இடைமறிக்கிறதோ அவ்வாறே சட்டத்தை விதிவிலக்கு இடைமறிக்கிறது என்பது அவர் கருத்து. அவரே பின்னாளில் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பது இக்கோட்பாட்டைப் படிக்கும்போது மறக்கத்தக்க செய்தியன்று. தொடர் இதற்கு ஒரு கசப்பான திருப்பத்தைத் தருகிறது: லிங்கன் மீது டானி எழுப்பிய ஆட்சேபம் மல்லனுக்குப் பொருந்தாது, ஏனெனில் அவருக்கு அதிகாரம் கொடுத்தது நாடாளுமன்றமே, ஆனால் அதைக் கொடுத்த அவையின் தலைவர் டிரையர்தான் தாக்குதல் சதியின் தலைவரும்கூட, உறுப்பினராக இருக்கும் மல்லனின் மகள் அலெக்ஸாண்ட்ராவும் அதில் பங்கு கொண்டவர்.

தொடரின் நடுப்பகுதியில், மல்லனை இடைவிடாமல் தாக்கிப் பேசும் ஊடகப் பேச்சாளர் ஈவன் கிரீன் காவலில் வைக்கப்பட்டு, மல்லனின் ஒப்புதலோடு வதைக்கப்படுகிறார். பார்வையாளர் பலர் இதை, நல்லவர் ஒருவர் அழுத்தத்தில் தடம் புரண்ட நிகழ்வாகவே புரிந்துகொண்டனர். அளவை நூலின் ஒளியில் பார்த்தால் சிக்கல் ஒருவரின் தடுமாற்றத்தோடு முடியவில்லை. உரை அளவையாவதற்கு, அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் விருப்பம் வேண்டும் என்பதே வாத்சியாயனரின் நிபந்தனை. வதைக்கு உள்ளானவனிடம் இருப்பது வலியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே, ஆகவே அவன் சொல் எதற்கும் சான்றாகாது. இதைப் பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அதே நொடியில் வதைப்பவனின் சொல்லும் சான்றாகும் தகுதியை இழக்கிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. தன் முடிவை ஏற்க மறுப்பவனைத் துன்புறுத்தும் ஆற்றல் ஒருவனுக்கு உள்ளபோது, அவன் முடிவைப் பிறர் ஏற்பது நம்பிக்கையாலா அச்சத்தாலா என்பதை அவனாலேயே பிரித்தறிய முடியாது; கேள்வி கேட்பவர் இல்லாத இடத்தில் பிழையைத் திருத்துவாரும் இல்லை. எனவே ஆப்தன் என்பதால் ஒருவருக்கு வரம்பற்ற அதிகாரம் கொடுப்பது, எந்தத் தகுதிக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தகுதியையே கொடுத்த கணத்தில் அழிக்கும் செயல்.

புரோட்டியஸ் குறித்த ஐயம் தீர்க்கப்படாமல் விடப்பட்டதன் பொருத்தம் இங்கேதான் விளங்குகிறது. சித்தாந்திகள் புலன்களையோ குறிகளையோ சொற்களையோ முடிந்த அளவையாகக் கொள்ளவில்லை; ஐயமும் திரிபும் நீங்கி நின்று அறியும் உயிரின் சிற்சத்தி, அதாவது அறிவாற்றல், அதுவே உண்மையான அளவை என்றனர். அறிகருவி எவ்வளவு கூர்மையானதாயினும் அறிபவன் தெளிந்திராவிட்டால் அறிவு பிறக்காது. மல்லனின் தலைக்குள் ஒரு பாடல் இடைவிடாமல் ஒலிக்கிறது, குறிப்பேட்டில் தாமே எழுதியவை அவருக்கு விளங்காமல் போகின்றன. தம் திரிபுக்குக் காரணம் உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து செலுத்தப்பட்டதா என்பதை அறிய அவருக்குத் தம் மனத்தையன்றி வேறு கருவி இல்லை. ஒரு நாட்டின் நீதி முழுவதும் ஒரே உள்ளத்தின் தெளிவின் மேல் நிறுத்தப்பட்டிருக்க, அவ்வுள்ளத்தைச் சோதிக்கும் வழியைச் சட்டமே அடைத்துவிட்ட நிலையில், நோய்க்குப் பெயர் சூட்டி ஐயத்தைத் தீர்த்திருந்தால் தொடர் எளிய உளவுக் கதையாகச் சுருங்கியிருக்கும்.

சதிகாரர்களின் வாதமும் ஒருவகையில் மல்லனின் வாதமே. பிளவுபட்ட நாட்டை ஒரு கட்டுப்படுத்தப்பட்ட அதிர்ச்சியால் ஒன்றுபடுத்திவிடலாம், உயிரிழப்பு இவ்வளவு நேரும் என்று எண்ணவில்லை என்பது அவர்கள் கூற்று. நகரின் நன்மைக்காக ஆள்வோர் பொய் சொல்லலாம் என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில் முன்வைத்த கருத்தின் இன்றைய வடிவம் இது. குற்றத்தை நாடாளுமன்றத்துக்கு வெளியே உள்ளவர்கள் மீது மட்டும் சுமத்தி, உள்ளே இருந்தவர்களை மறைத்துவிடலாம் என்ற யோசனை மல்லனிடம் வைக்கப்படுவதும் அதே தருக்கத்தின் தொடர்ச்சிதான். காவலில் இருந்தபோதே இறந்துபோன தொழில்நுட்ப நிறுவனத் தலைவி மோனிகா கிட்டர் மறுத்துப் பேசப் போவதில்லை என்பது அந்த யோசனைக்கு வசதியாகவும் அமைகிறது. மல்லன் அதை ஏற்கவில்லை. எழுதிவைத்த உரையை விலக்கிவிட்டு, இரு அவைகளும் கூடிய மன்றத்தில், தம் மகளின் பங்கு உட்பட அனைத்தையும் சொல்லிவிடுகிறார். முந்தைய பகுதிகளில் அவர் செய்த கைதுகள் எல்லாம் அவர் புகழுக்குத் துணைசெய்தவை அல்லது அவர் பகைவரை அடக்கியவை; இந்த ஒரு சொல் மட்டுமே அவர் பற்றுக்கு எதிராகச் சொல்லப்பட்டது. விருப்பு வெறுப்பு நீங்கியவனின் சொல்லே நம்பத்தக்கது என்னும் பழைய அளவுகோலில் முதன்முறையாக இங்குதான் அவர் தேறுகிறார், அதுவும் அதிகாரத்தால் எதையும் செய்யாமல் வெறும் சாட்சியாக நின்றபோது.

ஆயினும் தொடர் தன் வெற்றியை மிக எளிதாகப் பறைசாற்றிக்கொள்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். உண்மை வெளிப்பட்டதும் கணக்கு நேராகிவிட்டது போன்ற நிறைவை இறுதிக் காட்சிகள் தருகின்றன; கிரீனை வதைத்ததற்கு மல்லன் எந்த நீதிமன்றத்திலும் நிற்பதாகக் காட்டப்படவில்லை. பார்வையாளர் மல்லனை நம்புவதற்குக் காரணம், அவருடைய அறையிலும் மகளோடு அவர் தனித்திருந்த வேளைகளிலும் கேமராவும் உடனிருந்ததே. கதைக்குள் வாழும் குடிமக்களுக்கு அந்தக் காண்டல் கிடையாது, அவர்களிடம் இருப்பது உரை மட்டுமே. அந்த உரையை ஈவன் கிரீன் கேட்டு, இதுவும் அதே மனிதரின் மற்றொரு குற்றச்சாட்டுதானே என்று நம்ப மறுத்தால், அவர் மறுப்பில் பிழை காண்பதற்குரிய அளவை எதையும் மல்லனின் ஆணையம் விட்டுவைக்கவில்லை.